ஒன்பது நாள் தீவனம்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது, மூக்கில் கண்ணாடி ஏறிவிட்டது, ஆனாலும் சின்னவள்தான். படிப்பு பத்தாவதோடு நின்றது. பத்தொன்பது வருஷமாக ஹார்மோன் ஆராய்ச்சிக் கூடத்தின் அனிமல் ஹவுஸில் வேலை. எலிகளுக்குத் தீவனம், தண்ணீர், படுக்கைத் தூள், கூண்டு கழுவுவது, கடைசியில் அவற்றை முடித்து, உள்ளிருந்து எடுப்பதை எடை போடுவது வரை எல்லாம் அவள் கைதான்.

"எலியைக் கொல்றதுக்குன்னு ஆள் வச்சிருக்காங்களா? எங்க வீட்டுக்கும் ஒரு நாள் வந்துட்டுப் போகச் சொல்லேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை அவள் அக்காவிடம் கேட்டாள்.

"உங்க வீட்டு எலியை எல்லாம் அவ தொட மாட்டா. அதுக்குப் பிறந்த தேதி இருக்கணும், அட்டை இருக்கணும்" என்றாள் அக்கா.

அக்கா சொன்னதில் மிகையில்லை. ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் ஓர் அட்டை செருகியிருக்கும். பிறந்த நாள், எடை, எந்த ஆய்வு, எத்தனையாவது எலி என்று எல்லாம் சின்னவளின் குண்டு குண்டான கையெழுத்தில். பத்தொன்பது வருஷத்தில் ஓர் அட்டை மாறியதில்லை. எலிக்கு ஊசி போடப் பிடிக்கும்போது அவள் கையில் அது துள்ளாது. வேறு ஆள் பிடித்தால் கடிக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் அழுதாள். பிறகு அழுகை நின்றுவிட்டது. என்றைக்கு நின்றது என்று அவளுக்கே தெரியாது. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி ஆகிவிட்டது மனசு. ஊன்றினால் நிற்கும், கிள்ளினால் தெரியாது. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. வேலைக்கு அது வசதியாகவே இருந்தது.

இந்த வருஷம் வந்தது ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கிற ஒரு புது மருந்து. அதை எடுத்துச் செய்தவள் ஓர் ஆய்வு மாணவி, இருபத்தாறு வயது, நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். முதல் நாளே வந்து எலி அறையின் ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினாள்.

"அக்கா, பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி. ஹார்மோன் வந்து உட்கார வேண்டிய இடத்துல இந்த மருந்து துண்டைப் போட்டுடும். ஹார்மோன் நின்னுக்கிட்டே போக வேண்டியதுதான்."

"பழைய மருந்தும் அதைத்தானேம்மா பண்ணுச்சு?"

"பண்ணுச்சு. ஆனா துண்டு போட்ட ஆளு தானும் பாதி உட்கார்ந்துக்குவாரு. அதனால எலிக்குக் கருப்பை கொஞ்சம் வீங்கிடும். இது வெறும் துண்டு மட்டும்தான்னு காட்டணும்."

"காட்டினா?"

"வெளிநாட்டுல ஒரு ஆய்வுக்கூடத்துல இடம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள முடிவை அனுப்பணும். இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

நாற்பத்தெட்டுப் பெண் எலிகள். எல்லாவற்றுக்கும் சினைப்பையை எடுத்தாயிற்று. சினைப்பை இல்லாவிட்டால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஊறாது, கருப்பை நூல் மாதிரி சுருங்கிவிடும். அதன் பிறகு ஒரு குழுவுக்கு வெறும் எண்ணெய் ஊசி, ஒன்றுக்கு ஹார்மோன், ஒன்றுக்கு ஹார்மோனும் மருந்தும், ஒன்றுக்கு மருந்து மட்டும். கடைசியில் கருப்பையை எடுத்து எடை போட்டால் எது என்ன செய்தது என்று தெரிந்துவிடும். இருபத்து நான்கு எலிகள் முதல் தொகுதி. மீதி இருபத்து நான்குக்கும் அதே அறையில், நான்கு நாள் தள்ளி ஊசி தொடங்கியது.

ஊசி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், இந்த ஆய்வுக்கென்று தனியாக வாங்கியிருந்த தீவன மூட்டையின் அடியில் சின்னவள் கையை விட்டாள். வில்லைகள் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தன, பச்சையாகப் பூஞ்சை. அதைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. மாணவிக்கு வழிகாட்டும் பேராசிரியை வெளியூர் மாநாட்டுக்குப் போயிருந்தார். சாமான் அறைக்காரரைக் கேட்டாள்.

"புது மூட்டை வர பத்து நாளாகும். அதுவரைக்கும் பட்டினியா போடப் போறே? குட்டி போடுற அறையில நாலு மூட்டை இருக்கு, எடுத்துக்கோ. எலி என்ன மெனு கார்டா கேக்குது?"

எடுத்துக்கொண்டாள். ஒன்பது நாள். ரிஜிஸ்டரில் தேதி, கிராம், மிச்சம் எல்லாம் எழுதினாள். எந்த மூட்டை என்று எழுத அதில் கட்டம் இல்லை. பத்தாம் நாள் புது மூட்டை வந்ததும் மாற்றிவிட்டாள்.

முதல் தொகுதியை எடை போட்ட வியாழக்கிழமை காலை, மாணவி எழுத, சின்னவள் தராசில் வைத்தாள். கருப்பையைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கத்தரித்து, வடிதாளில் ஒற்றி, ஈரம் எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவு விட்டு வைப்பது அவள் பழக்கம். எண்ணெய் மட்டும் போட்ட எலிகள் முதலில் வந்தன. நூற்றிருபத்தெட்டு மில்லிகிராம். நூற்று முப்பத்து மூன்று. நூற்றிருபத்தொன்பது.

"இதுக்கு ஹார்மோன் போடலையே?" என்றாள் சின்னவள்.

"இல்லக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. எழுதிக்கோம்மா."

ஒன்றும் இல்லாத எலி தொண்ணூறைத் தாண்டி அவள் கைக்கு வந்ததே கிடையாது. மருந்து மட்டும் போட்ட எலிகள் எண்பத்தாறு, எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று வந்தன. மாணவியின் பேனா நின்றுவிட்டது.

"அக்கா, பார்த்தீங்களா? ஒண்ணுமே போடாததை விடக் குறைச்சிருக்கு. மிச்சம் மீதி ஹார்மோனைக்கூடத் துடைச்சு எடுத்திருக்கு. இப்படி ஒரு மருந்து இதுவரைக்கும் செஞ்சதா நான் படிச்சதே இல்ல."

மதியத்துக்குள் கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாநாட்டிலிருந்து திரும்பியிருந்த பேராசிரியை கீழே இறங்கி வந்து மாணவியின் தோளைத் தட்டினார். சின்னவளையும் பார்த்து, "உங்க கை ராசி" என்றார். சின்னவள் தலையசைத்தாள்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் குட்டி போடும் அறைக்குப் போனாள். மூட்டையின் வாயில் தைத்திருந்த சீட்டை நிமிர்த்திக் கண்ணாடி போட்டுப் படித்தாள். முதல் வரியிலேயே சோயா மாவு. போன வருஷம் புது மாணவர்களுக்குப் பேராசிரியை சொன்னதைத் தரை துடைத்தபடி கேட்டிருக்கிறாள். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்கிற சரக்கு கொஞ்சம் உண்டு. எண்ணெய் ஊசி போட்ட எலிகளுக்கு ஹார்மோனை ஊட்டியது அவளுடைய தீவனக் கரண்டிதான். மருந்து போட்ட எலிகளில் மருந்து அதையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. அற்புதம் அவ்வளவுதான்.

நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தாள். அடித்துக்கொள்ளவில்லை. சீட்டைக் கத்தரித்து எடுத்து மேல்சட்டைப் பையில் வைத்தாள்.

முதலில் மாணவியிடம்தான் சொன்னாள். மாணவி சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"சாமான் அறைக்காரருக்கு மூட்டை எடுத்தது தெரியும். அதனால என்ன ஆச்சுன்னு தெரியாது."

"ரிஜிஸ்டர்ல?"

"கிராம் இருக்கு. மூட்டை இல்ல."

மாணவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்போ யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"அக்கா, உங்க வேலைக்கும் ஆபத்து. என்னைப் பார்த்துச் சொல்லுங்க. இது இல்லேன்னா எனக்கு அந்த இடம் போச்சு. மருந்து நல்ல மருந்துதான். திரும்பச் செஞ்சாலும் நல்லதாதான் வரும்."

"நல்லதா வரும். இவ்வளவு நல்லதா வராது" என்றாள் சின்னவள். "இதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் இன்னொரு இடத்துல நூறு எலியை வச்சு உட்காருவாங்க. அவங்களுக்கு வராது. ஏன் வரலைன்னு தேடிக்கிட்டே இருப்பாங்க."

மாணவி அழுதாள். சின்னவளுக்கு அவள் தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள்.

பேராசிரியை சீட்டை மேஜையில் வைத்து விரலால் நீவிவிட்டார்.

"பூஞ்சை பிடிச்சிருந்தா என்கிட்ட போன்ல கேட்டிருக்கலாமே."

"தீவனம்தானேன்னு நினைச்சுட்டேன் மேடம்."

"சோயா இல்லாத தனி மூட்டை எதுக்குன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

"இல்ல மேடம். கேக்கணும்னு எனக்கும் தோணல."

"ரெண்டாவது தொகுதி?"

"அதுவும் இதையேதான் தின்னுச்சு. ஊசி ஆரம்பிச்சு மூணு நாள் வரைக்கும்."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார். திட்டுவார் என்று சின்னவள் நின்றாள். "முடிச்சிடுங்க. எதையும் எடுக்க வேண்டாம். நாற்பத்தெட்டு எலிக்குப் புதுசா எழுதிக் கொடுங்க" என்றார். கதவருகே போனவளைக் கூப்பிட்டு, "அந்தப் பூஞ்சை மூட்டை இருக்கா?" என்று கேட்டார். "கட்டி வச்சிருக்கேன் மேடம், தேதி போட்டு." "இருக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் அக்கா கேட்டாள். "வேலையை எடுத்துடுவாங்களா?"

"தெரியல."

"நீயாதானே போய்ச் சொன்னே?"

"ஆமா."

"அப்போ சோறு தின்னுட்டுப் படு" என்றாள் அக்கா. தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

மறுநாள் காலை பன்னிரண்டு கூண்டுகளை வண்டியில் ஏற்றி வாயுப் பெட்டி இருக்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு கூண்டுக்கு இரண்டு எலி. ஒவ்வொரு முறையும் இரண்டை உள்ளே வைத்து, மூடி, குழாயை மெல்லத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டிரண்டாக நீலப் பையில் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் முடித்த எந்த எலியும் எண்ணைக் கொடுக்காமல் போனதில்லை. அந்த எண்ணை யாரோ எங்கோ எழுதிக்கொண்டார்கள். இவை வெறுமனே போயின. அவள் அதை நினைத்தாள், நினைத்தபடியே அடுத்த கூண்டைத் திறந்தாள்.

ஏழாவது கூண்டின்போது மாணவி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். வெளிநாட்டுக்கு எழுதிவிட்டாளாம், காத்திருக்க முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டதாம். கையுறை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இதுல ரெண்டு மூணு மட்டும் எடை போட்டுப் பார்க்கட்டுமா?"

"எதுக்கும்மா?"

"சும்மா. நீங்க சொன்னது சரிதானான்னு."

"அது சரிதான்னு உனக்குத் தெரியும். சும்மா திறக்கக் கூடாது."

மாணவி நீலப் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் எட்டாவது கூண்டின் அட்டையை உருவினாள், எண்ணைச் சத்தமாகப் படித்தாள், எலிகளை எடுத்தாள். பன்னிரண்டும் முடிந்ததும் பையைக் கட்டி உறைபெட்டியில் வைத்தார்கள். ரிஜிஸ்டரில் காரணம் என்ற இடத்தில் சின்னவள் எழுதினாள்: 'தீவனத்தை நான் மாற்றினேன்.' கையெழுத்துப் போட்டாள். மாணவி தேதியைச் சரிபார்த்துப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டாள்.

காலிக் கூண்டுகளை இருவரும் தொட்டிக்குள் இறக்கினார்கள். தண்ணீர் சூடாக இருந்தது.