வேணும்னே நின்ற வண்டி

"அண்ணா, கொஞ்சம் இந்தாண்ட திரும்பு. மூஞ்சி தெரியல" என்கிறார் வடிவக்கா, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி. எதிர்வீட்டுக் கோதண்டபாணி காப்பி டம்ளரும் கையுமாகத் திரும்பியும் விடுகிறார். தனக்கு எதிரான சாட்சிக்குத் தானே போஸ் கொடுக்கிறோம் என்பது அந்த மனிதருக்கு உறைப்பதற்குள் படம் எடுத்தாகிவிடுகிறது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாவு விரிக்கிறவர் வடிவக்கா. ஐம்பத்தாறு வயது. விடிந்ததும் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி போட்டு, காய்ந்ததும் வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். பாதித் தெருவில் அந்த வேலை ஆகாது. கோதண்டபாணி கார் வாங்கிய நாள் முதல் அது நடுத்தெருவில்தான் நிற்கிறது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அங்கே நிறுத்தக் கூடாது என்று அக்கா கோர்ட்டில் உத்தரவும் வாங்கினார். கார் அசையவில்லை. நெசவுக்காரர்கள் பாவை வேறு தெருவுக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டார்கள். கோர்ட்டும் கைவிட்டால் அக்காவுக்கு வேலையே இல்லை.

"உத்தரவ மீறினார்னு சொன்னா மட்டும் போதாதும்மா. தெரிஞ்சு, வேணும்னே மீறினார்னு காட்டணும்" என்று வக்கீல் சத்யப்ரியா சொன்னதுதான் தாமதம், அக்கா படமெடுப்பதில் புலியாகிவிட்டார். ஒரே படத்தில் எல்லாம் விழும்: நடுத்தெருவில் கார், கேட்டில் கோர்ட் அமீனா ஒட்டிவிட்டுப் போன உத்தரவு நகல், உள்ளே காலியாகக் கிடக்கும் ஷெட், காப்பியோடு கோதண்டபாணி. "தெரியாதுன்னும் சொல்ல முடியாது, எடமில்லன்னும் சொல்ல முடியாது. எப்புடி?" என்று என்னிடம் நீட்டுவார். பொல்லாத பெருமை.

ஆனால் கோபம் மட்டும் வராது. எனக்கானால் அந்தக் காரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. "சண்ட கோர்ட்டுல போய்க்கினு இருக்குதுபா. தெருவுல வேற எதுக்கு?" என்பார்.

போன செவ்வாய்க்கிழமை, உத்தரவை மீறியதற்கான மனுவில் கையெழுத்துப் போட வக்கீலிடம் போனவருக்குத் துணையாக நானும் போனேன். கார் மறித்து நின்ற பன்னிரண்டு தேதிகளை சத்யப்ரியா வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தார். ஆகஸ்ட் ஏழு வந்ததும் அக்கா கையை நீட்டி நிறுத்தினார்.

"அது வேணாம் வக்கீலம்மா."

"அன்னிக்குத்தானேம்மா உங்க பாவு வீணாப் போச்சு? நம்ம கேசுக்குப் பலமே அந்த நாள்தான்."

உண்மைதான். மூன்று சேலைக்கான பட்டு. அன்று அவர் தலையில் கைவைத்து அழுததை நான் பார்த்தேன்.

"அன்னிக்கு அவரு சம்சாரத்த ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டுக்கினு வந்தாரு. உடம்பு முடியாதவங்க, வாசல் வரைக்கும் வண்டி போவட்டும்னு ஈரப் பாவ நான்தான் அவசரமா சுருட்டுனேன். ஒட்டிக்கிச்சு. வண்டியும் பாதியில நின்னுபோய் பத்து மணி வரைக்கும் ஸ்டார்ட் ஆவல. நானும்தான் தள்ளிப் பாத்தேன்."

"அத அவர் தரப்பு சொல்லிக்கட்டும்மா. நாம ஏன் சொல்லணும்? இத எடுத்துட்டா நமக்கு நஷ்டம்னு காட்ட பெருசா ஒண்ணும் இல்ல."

"மீதி பதினொண்ணும் வேணும்னே பண்ணது. இது அப்புடி இல்லியே."

அக்கா மேசைமேலிருந்த பேனாவை எடுத்து அந்தத் தேதியைக் குறுக்காக அடித்தார். அடித்தது யாரென்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டாமா? ஓரத்தில், ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.