மாமியாரின் குதிகால்

புயல் உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே கைப்பேசி.

"சரிங்க மேடம். நாளைக்கும் நானே வந்துடறேன்."

வருடக் கடைசி விடுமுறை. எங்கள் முதியோர் இல்லத்தில் ஆளாளுக்கு லீவு போட்டுவிட்டார்கள். யார் வராவிட்டாலும் இவள் போவாள். நடக்கிற வேகத்துக்கு அங்கே வைத்த பெயர்தான் புயல். நான் அவள்கூட வேலை பார்ப்பவள், மாடிவீட்டுக்காரியும் என்பதால் அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கும் எப்பவாவது விருந்தாளியா வந்துட்டுப் போ" என்று புயலைச் சீண்டினான் அவள் புருஷன்.

"பேச்சைக் குறைச்சு வெங்காயத்தை உரிங்க."

உள்ளறையிலிருந்து நாத்தனார் கத்தினாள். "அண்ணி! ஓடி வாங்க!"

இடுப்பெலும்பு முறிந்து மாமியார் படுக்கையில் இருந்தார். நாத்தனார், தான் வாங்கிவந்த புதுக் கம்பளிக் காலுறையைப் போடுவதற்காகப் பழையதைக் கழற்றியிருக்கிறாள். குதிகாலில் தோல் கறுத்து, ஓரத்தில் நீர் கசிந்தது. படுக்கைப்புண். ஒரு நாளில் வந்ததல்ல.

இல்லத்தில் வேலைக்கு வந்ததும் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்ப்போம். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே புயல்தான். வீட்டிலோ, அறை வாசற்படியில் நின்று "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவாள். மற்றதெல்லாம் புருஷன் பொறுப்பு.

"ஊரான் வீட்டுக் கிழவிங்க காலையெல்லாம் தடவிப் பார்க்கறீங்க. எங்கம்மா காலுக்கு மட்டும் லீவா அண்ணி?"

"அவளைச் சொல்லாதே. குளிருதேன்னு சாக்ஸைக் கழட்டாம விட்டது நான்தான்" என்றான் புருஷன்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"வலிச்சுதும்மா" என்றார் மாமியார். "களைச்சு வர்றே, உன்கிட்ட எதுக்குன்னு விட்டுட்டேன்."

புயல் வெந்நீர் கொண்டுவந்தாள். புண்ணைக் கழுவித் துணி சுற்றினாள். காலுக்கடியில் போர்வையை மடித்து வைத்துக் குதிகால் எதிலும் படாமல் தூக்கி நிறுத்தினாள். கை பிசகவில்லை, முகம்தான் கன்றியிருந்தது. அவ்வளவு நேரமும் என் பக்கம் திரும்பவே இல்லை. அதே தொழில்காரி எதிரில் அகப்பட்டுக்கொண்டாளே! எல்லாருக்கும் பரிமாறினாள், தான் உட்காரவில்லை.

மறுநாள் காலை மேலாளருக்குப் போன் செய்தாள். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம்.

"வர முடியாதுங்க மேடம். என் மாமியாருக்குக் குதிகால்ல புண்ணு. நான் பார்க்கல."

பிறகு வாடகைக் காரில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். கட்டைப் பிரித்துப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"வீட்ல இவங்களை யார் பார்த்துக்கறது?"

புருஷன் தொண்டையைச் செருமினான். அதற்குள் புயல் முந்திக்கொண்டாள்.

"நான்தாங்க. வெளியிலயும் எனக்கு இதுதான் வேலை."

டாக்டர் கறுத்த தோலை வெட்டக் கத்தரியை எடுத்தார். அவள் குனிந்து மாமியாரின் காலை ஏந்திப் பிடித்துக்கொண்டாள்.