பீடி தொடாதவனின் எக்ஸ்ரே

தொண்ணூற்றொன்றில் பார் வேலைக்கு வந்தேன். இன்றுவரை பீடியைத் தொட்டதில்லை.

காலையில் என் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்றார். ஒன்றுகூட இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

மதியம் ஒரகடம் பாரில் டூட்டி. 'புகை பிடிக்காதீர்' போர்டுக்குக் கீழேயே உட்கார்ந்து பற்றவைத்தார் பக்கத்துக் கம்பெனி சேஃப்டி ஆபீஸர். அங்கே பாக்கெட்டில் தீப்பெட்டி இருந்தாலே ஆளை சஸ்பெண்டு செய்பவர்.

"சார், வெளிய போய் புடிங்க சார்."

"கம்பெனிலதான் முடில, இங்கயுமா? ஆஷ்ட்ரே எட்த்தாணா."

ஆஷ்ட்ரே வைக்கத் தடை. அதனால் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக அறுத்து வைப்போம். வைக்கும்போது இருமல் வந்துவிட்டது.

"இன்னாணா, இப்டி இருமிகினுகீற? மாஸ்க் போட்டுகினு வேல செய்ணா. லங்ஸ் முக்கியம்."

சேஃப்டி ஆபீஸரே சொல்லிவிட்டார். எந்த மாஸ்க் வாங்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.