நாற்பத்தொரு கடவுச்சொற்கள்

லாகின் அக்கா என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் தெரியாதவர் கிடையாது. அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் சம்பளப் பிரிவுக்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். படிக்கட்டுக்கு அடியில், ஜெராக்ஸ் அறைக்கும் துடைப்பம் வைக்கும் அலமாரிக்கும் நடுவே அவளுக்கு ஓர் அறை. கதவில் 'கற்றல் தள உதவி மையம்' என்று பலகை. மையம் என்று சொன்னதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு கணினி, இரண்டு நாற்காலி, அவசரமாக எழுந்தால் மண்டையில் இடிக்கிற சாய்வுக் கூரை, அப்புறம் அவள். அவ்வளவுதான் மையம்.

ஆசிரியர்கள் எல்லாரும் பாடக் குறிப்பையும் பயிற்சியையும் மதிப்பெண்ணையும் இணையத்தில் உள்ள போர்ட்டலில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அதை எப்படிச் செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் அதை நிஜமாகவே நம்பினாள். நாற்பது பக்கத்தில் கையேடு எழுதினாள். பிற்பகல் தோறும் வகுப்பு நடத்தினாள். மூச்சு விடாமல் மூன்று மணி நேரம் பாடம் எடுக்கிறவர்களால் பதினைந்து நிமிஷம் பாடம் கேட்க முடியவில்லை. ஒருவருக்கு போன் வந்துவிடும். ஒருவருக்குக் கண் சொக்கிவிடும். இன்னொருவர், கரும்பலகை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று ஆரம்பித்து, வகுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்வார்.

அப்புறம் பாடம் ஏற்ற வேண்டிய கடைசி நாளன்று அவள் அறை வாசலில் பதறிப்போய் வந்து நிற்பார்கள். "அக்கா, இந்த ஒரு தடவை நீங்களே பண்ணிடுங்களேன்." அந்த ஒரு தடவைக்கு முடிவே இல்லாமல் போயிற்று. சொல்லிக் கொடுத்தால் ஒரு மணி நேரம், தானே செய்தால் ஐந்து நிமிஷம். பரிதாபப்பட்டது பாதி, அலுத்துப்போனது பாதி, அவளும் ஐந்து நிமிஷத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாள். கடவுச்சொற்கள் ஒவ்வொன்றாக அவளுடைய நீல நோட்டுக்கு வந்து சேர்ந்தன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்று போர்ட்டல் பிடிவாதம் பிடிக்கும். மாற்றுவதும் அவள்தான். இரண்டு சுற்று முடிந்தபோது சொந்தக்காரர்கள் தங்கள் கடவுச்சொல்லை மறந்திருந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர்.

காலை எட்டரைக்கே கணித மேடம் பென் டிரைவோடு வந்துவிடுவார். தினமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுப்பார். மற்றவர்களுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. டீன் தன் காகிதங்களைப் பியூனிடம் கொடுத்தனுப்புவார். டீனுடைய பாடப் பக்கம்தான் அங்கேயே அழகானது. வாரத்துக்கு ஒரு நிறம், அத்தியாயத்துக்கு ஒரு படம். தேர்வு எப்போது என்று மாணவர்கள் கேட்டால் டீனுடைய தோரணையிலேயே பதில்கூட எழுதிப் போடுவாள். மாலையில் மணிக்கட்டு கழன்று விழுந்துவிடும் போல வலிக்கும்.

இப்படி இருக்கையில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாரம் தவறாமல் போர்ட்டலில் வேலை செய்கிறார்கள். உதவி கேட்டு வந்த படிவங்களோ ஒரு வருஷத்தில் நான்கே நான்கு. எனவே ஆசிரியர்கள் தன்னிறைவு அடைந்துவிட்டதால் உதவி மையத்தை மூடுவது பற்றி வியாழக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்யப்படும். அவள் இரண்டு முறை படித்தாள். அந்த நான்கு படிவங்களில் இரண்டு அவளே எழுதியவை, தன் நாற்காலியின் கால் உடைந்ததைப் பற்றி.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டியதுதானே என்றார். அவர் வேன் ஓட்டுகிறவர். யார் ஓட்டினார் என்பதில் சந்தேகம் வராத தொழில்.

"பாஸ்வேர்டை அடுத்தவங்ககிட்ட குடுக்கக் கூடாதுன்னு கையேட்டுல முதல் பக்கத்துலயே எழுதினது நான்தாங்க," என்றாள். "வாயைத் திறந்தா முதல்ல நான் மாட்டுவேன். அப்புறம் அந்த நாற்பத்தொரு பேரும்."

ஐம்பத்திரண்டு வயதில் இன்னோர் இடத்தில் போய் முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பில்லை. பயம் இருந்தது. பயத்தைவிட வயிற்றெரிச்சல் அதிகம் இருந்தது. இத்தனை நாள் உழைத்த உழைப்பில் ஓர் எழுத்துகூட அவள் பெயரில் இல்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். டீன்தான் தலைமை வகித்தார். பதிவாளர் அறிக்கையைப் படித்து முடித்ததும், உதாரணத்துக்குத் தன் பாடப் பக்கத்தையே காட்டுவதாகச் சொல்லி டீன் கணினி முன் உட்கார்ந்தார். பெரிய திரையில் நுழைவுக் கட்டம் தெரிந்தது. எதையோ அடித்தார். தவறு என்றது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொன்றை அடித்தார். அதுவும் தவறு. மூன்றாவது முறையும் தப்பானால் கணக்கே பூட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கூட்டை எங்கே வைத்தாய் என்று வீட்டில் கேட்கிற மாதிரி, திரும்பிப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

"என்னம்மா, என் பாஸ்வேர்டு என்ன?"

கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் அவள் எழுந்து போயிருந்தாள். யோசித்திருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பாள். பழகிப்போன கால் நடந்தது, பழகிப்போன கை அடித்தது. பக்கம் வண்ண வண்ணமாகத் திறந்தது.

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பல கேள்விகளுக்கு அவள் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். இது அந்தப் பட்டியலில் இல்லை. நடு வரிசையிலிருந்து கணித மேடம் எழுந்தார்.

"என்னோடதும் எனக்குத் தெரியாது சார். அவங்களுக்குத்தான் தெரியும். இங்க யாருக்குத் தெரியும்னு கேட்டுப் பாருங்க."

பதிவாளர் கேட்டார். எல்லாரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மையத்தை மூடவில்லை. மூடினால் மறுநாளே பாதிப் பாடம் நின்றுவிடும் என்று பதிவாளருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் விதி விதிதானே. அடுத்தவர் கணக்கில் நுழைந்ததற்கு உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவளிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நாற்பத்தொரு பேருக்கும் வாய்மொழியாக ஓர் எச்சரிக்கை. அதைக் கேட்டு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் பிற்பகல் அந்தச் சாய்வுக் கூரையில் யாரோ தலையை இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. டீன். இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்கு வந்தது அதுதான் முதல் முறை. கையில் ஒரு தாள். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"மெமோவை என் கணக்குலேருந்து போர்ட்டல்ல அனுப்பணுமாம். இன்னைக்கே." தரையைப் பார்த்தார். "உங்களுக்கு வர வேண்டியதுதான். எப்படி அனுப்பறதுன்னு தெரியல. நீங்களே கொஞ்சம்..."

அவள் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. ஐந்து நிமிஷ வேலை. டீனுடைய தோரணை அவளுக்கு அத்துப்படி. தனக்கான மெமோவை அவரைவிட நன்றாகவே எழுதிவிடுவாள். கை அங்கேயே நின்றது. பிறகு எடுத்துக்கொண்டாள். எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க சார்."

அவர் உட்கார்ந்தார். முதலில் புதுக் கடவுச்சொல் வைக்கச் சொன்னாள். அவர் அடித்து முடிக்கும்வரை முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, அவளுடைய குற்றங்களை அவர் தட்டச்சு செய்தார். இரண்டு தடவை அழித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். முழங்கால் கடுக்க அவள் பக்கத்திலேயே நின்றாள். எங்கே அழுத்த வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள், சுட்டியைத் தொடவே இல்லை. ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று.

அவர் கடைசிப் பொத்தானை அழுத்தினார். அவள் பையில் இருந்த போன் மணியடித்தது.

"போயிடுச்சா?" முகமெல்லாம் சந்தோஷமாக நிமிர்ந்தார். அனுப்பியது என்ன என்பது நினைவுக்கு வந்ததும் அந்த முகம் சுருங்கிப்போயிற்று.

"வந்துடுச்சு சார்," என்றாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் சொல்லிக் கொடுத்து, ஓர் ஆசிரியர் தன் கையால் செய்து முடித்த முதல் வேலை அது.