உப்பின் மேல் வளர்த்த புல்

1998 செப்டம்பர் 12, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கினேன், சட்டைக்கு இஸ்திரி போட்டேன், ஏழு மணி பஸ்ஸில் ஏறி ஆம்பூருக்கு வெளியே வேலை நடக்கும் இடத்தில் இறங்கினேன். அன்றுதான் அங்கே முதன்முறையாகப் புல் வெட்டினார்கள். இன்றும் எங்காவது வெட்டிய புல்லின் மணம் வந்தால் எனக்குத் தேவராஜ் அண்ணனின் கிணறுதான் நினைவுக்கு வருகிறது.

நான் தோல் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவன். "சரக்க சுத்தமா அடுக்குறான், மைதானமும் சுத்தமா போடுவான்" என்று முதலாளி என்னைக் கோல்ஃப் மைதானம் அமைக்க அனுப்பினார். கோல்ஃப் மட்டையை அதுவரை நான் கடிகார விளம்பரத்தில்தான் பார்த்திருந்தேன். தோல் வாங்க வரும் ஜெர்மன்காரர்கள் பொழுது போகாமல் சாயங்காலமே சென்னைக்கு ஓடிவிடுகிறார்கள் என்பது அவர் கவலை.

நிலம் சுலபமாகக் கிடைத்தது. தோல் கழிவில் கிணறுகள் கெட்டுப்போய், விவசாயிகளே விற்க வந்தார்கள். விற்காதவர் தேவராஜ் அண்ணன் ஒருவர்தான். மைதானத்துக்குக் கீழ்ச்சரிவில் அவருடைய தென்னந்தோப்பு. அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு அவருடையது. தெருவே அங்கேதான் குடம் நிரப்பியது. என் பாட்டிலும் அங்கேதான் நிரம்பும்.

"இன்னா சார், குழில பந்து உருட்டுறதுக்கா இம்மாம் எடம்?" என்று வேலியோரம் நின்று கேட்பார்.

"வெள்ளக்காரங்க ஆட்டம்ணா."

"நம்ம பசங்க தெருவுலயே ஆடிட்டுப் போய்டுவானுங்க."

அந்த ஆட்டத்துக்கு மேடுகள் வேண்டுமாம். எங்கள் நிலமோ தட்டை. மண் அடிக்க லாரி வாடகை ஜாஸ்தி. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வரும். ஊறவைக்கும் முன் அதை உதறிவிடுவார்கள். உதறிய உப்பு, முடியும் அழுக்குமாகத் தொழிற்சாலைக்குப் பின்னால் குன்றாகக் கிடந்தது. "மேடும் ஆச்சு, பேஜாரும் தீந்துச்சு" என்றார் முதலாளி. உப்பைக் கொட்டி, மேலே செம்மண் போர்த்தினோம். வேறு எந்த ஊரிலும் இந்த யோசனை யாருக்கும் வந்திருக்காது.

மேடுகளில் மட்டும் புல் கருகியது. பெங்களூரிலிருந்து வந்த புல் நிபுணர் தண்ணீர் போதவில்லை என்றார். அடியில் இருப்பதை அவரிடம் முதலாளி சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. ஆலங்காயம் பக்கத்திலிருந்து டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கோடை முழுக்கப் பாய்ச்சினோம். புல் பச்சை பிடித்தது. கரைந்த உப்பு சரிவைப் பார்த்து இறங்கியது.

அந்தச் சனிக்கிழமை மாலை, அண்ணனின் மனைவி மேரி அக்கா வேலியோரம் வந்து சொம்பை நீட்டினார். குடித்தேன். உப்புக் கரித்துத் துப்பினேன்.

"ரெண்டு நாளா பருப்பு வேவல. பருப்பு குடுத்த கடக்காரனத்தான் நான் திட்டினு இருந்தேன். இன்னிக்கித் தண்ணியே கரிக்குது."

அண்ணன் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணிக்காகத்தான் சார் விக்காம வெச்சிருந்தேன்."

உடனே தொழிற்சாலைக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன்.

"இப்பவாவது அந்த நெலத்தக் குடுப்பாரான்னு கேட்டுப் பாரு."

நான் கேட்கவில்லை. வேறு யாரோ கேட்டிருக்க வேண்டும். தோப்பு காய்ந்தபின் அண்ணன் விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். ஜெர்மன்காரர்கள் வருவது நின்றதும் மைதானமும் போனது. இப்போது அங்கே சீமைக்கருவேலம்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு. விடிந்ததும், தெருப் பெண்கள் குடத்தோடு வருவதற்குள், அண்ணனும் நானும் முள் வெட்டி வந்து யாரும் தண்ணீர் எடுக்காதபடி கிணற்றடிக்குப் போகும் வழியில் குறுக்கே போட்டோம்.