அறுவடை மெஷினைப் பிடித்து வைத்தவர்

"என்ட சிஸ்டத்துல ஒரு பதிவு ஒண்டில் முழுசா நடக்கும், இல்லாட்டி நடக்கவே நடக்காது. அந்தரத்துல தொங்குற கதையே இல்ல" என்று மண்டூரில் நடந்த தொடக்க விழாவில், ஒலிவாங்கி அணைந்த பிறகும் முழங்கியவள் அகீலா.

அவள் எழுதிய மென்பொருள் மெச்சத்தக்கதுதான். அறுவடை மெஷின், சாரதி, நெல் ஏற்றும் லொறி ஆகிய மூன்றுக்கும் மூன்று தனிச் சேவைகள். விவசாயி கைபேசியில் கேட்டால் மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்கும். ஒன்று கிடைக்காவிட்டால் மற்ற இரண்டையும் விட்டுவிடும்.

மறுநாள் வானம் கறுத்தது. விவசாயி இரத்தினம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"இரிக்கிறது ஒரு மெஷின். அதுவும் உன்ட வாசல்ல சும்மா நிக்கிது. கேட்டா ஆரோ பிடிச்சிட்டாங்களாம். மழை விழுந்தா என்ட மூணு ஏக்கர் நெல்லும் படுத்திரும் மகள்."

அகீலாவின் சந்தேகம் லொறிக்காரன் றிஸான்மேல் பாய்ந்தது. விழாவில் காரணமில்லாமல் சிரித்தவன் அல்லவா? அழைத்தாள்.

"றிஸான் நானா, மெஷின ஆருக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒளிக்க அதென்ன கோழிமுட்டையா தங்கச்சி? வல்லாஹி, நான் தொடல்ல."

நகைச்சுவை குற்றவாளிக்குத்தான் வரும் என்று குறித்துக்கொண்டாள். அடுத்துச் சாரதியைச் சந்தேகித்தாள். அவனுக்குக் கடவுச்சொல்லே தெரியாது. ஆகவே கூடுதலாகச் சந்தேகித்தாள். கடைசியில் இரத்தினம்மாவையும் ஓரக்கண்ணால் அளந்தாள்.

"என்னத்துக்கு என்னப் பாக்காய்? பிடிச்ச ஆள்ற பேரப் பாரன் புள்ள!"

விசாரணை மும்முரத்தில் அது ஒன்றைத்தான் பார்க்கவில்லை. பதிவைத் திறந்தாள். பிடித்தவர்: கந்தசுவாமி, மண்டூர்.

விழாவில் சுபநேரம் தப்பக்கூடாதென்று முதல் பதிவை ஊர்க் கோயில் சுவாமி பேரில் அவளே கையால் போட்டிருந்தாள். மெஷின் பிடிபட்டது. சுவாமிக்குச் சாரதியும் லொறியும் எதற்கென்று அத்தோடு நிறுத்திவிட்டாள். ஏனையோரின் அரைகுறைப் பதிவுகள் பத்து நிமிடத்தில் தாமாகவே கலையும். சுவாமிக்குக் கெடு விதிக்க மட்டும் அவளுக்குக் கை வரவில்லை.

"ஆராம் புள்ள பிடிச்சது?"

"பெரிய இடம்."

அகீலா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். மேசைக்கடியில் செருப்பைக் கழற்றினாள். ஒரு கண நேரம் கண்ணை மூடி, 'விடுவி' என்பதை அழுத்தினாள்.