இன்ஸ்புரூக்கில் இறங்காத விமானம்

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருபது வருடமாக ட்ராம் ஓட்டும் பவளம், மலைகளுக்கு நடுவே விமானத்தை இறக்குவதை நம்பாதவர். தங்கை மகளின் கலியாணம் ஒஸ்ரியாவில், மலைகள் சூழ்ந்த இன்ஸ்புரூக்கில். கணவர் யோகலிங்கம் நேரே அங்கேயே பறக்கப் புறப்பட்டார்.

"காத்தடிச்சா அங்க இறக்க ஏலாது. நான் மியூனிக்கில இறங்கி ரயிலில வாறன்," என்றார் பவளம்.

"தண்டவாளம் இல்லாட்டி உமக்கு நடக்கவும் பயம்," என்று யோகலிங்கம் சிரித்தார்.

அன்று காற்று பேயாக வீசியது. விமானம் இருமுறை இறங்கப் பார்த்துவிட்டு மியூனிக்குக்கே போனது. அங்கிருந்து பேருந்தில் வாந்தியெடுத்தபடி வந்த யோகலிங்கம், மண்டபத்தில் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

பவளம் சாப்பாட்டிலிருந்து நிமிரவில்லை. "பாயாசம் முடிஞ்சுது. ரசம் இருக்கு, குடியுங்கோ."

திரும்பும்போது இருவரும் ரயிலில் வந்தார்கள். எப்போதும் தனக்கே கேட்கும் யன்னலோர இருக்கையை யோகலிங்கம் இம்முறை கேட்கவே இல்லை.